விளையில் கிடக்கும் பழங்காசு: மெட்டல் டிடெக்டரோடு தேடவும் தோண்டவும் அடையாளம் காணவும் ஒரு முழு வழிகாட்டி

இது குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்திலும், களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை வரையிலும் மெட்டல் டிடெக்டரோடு பழங்காசு தேடுகிறவர்களுக்காக எழுதியது. புதிதாக வருகிறவர்கள் கருவியில் தடுமாறுவதைவிட வரிசையில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். கடைசியில் செய்ய வேண்டிய கழுவலை முதலில் செய்கிறார்கள், முதலில் கேட்க வேண்டிய அனுமதியைக் கடைசியில் கேட்கிறார்கள். அதனால் கீழே உள்ள படிகளை எண் வரிசைப்படியே செய்யுங்கள்.

1. கருவியை எடுக்கும் முன் நிலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் கேள்வி, நிலம் யாருடையது என்பது. பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒரு வெள்ளைத்தாளில் சர்வே எண், தேதி, என்ன கிடைத்தாலும் அவருக்குக் காட்டிவிட்டுத்தான் எடுப்பேன் என்ற ஒரு வரி, இருவர் கையெழுத்து. இது போதும். வாய்ப்பேச்சு அனுமதி வெறும் ஆணி கிடைக்கும் வரைதான் தாங்கும். ஒரு வெள்ளி ரூபாய் வந்ததும் அண்ணன் தம்பி எல்லோரும் வந்து நிற்பார்கள்.

அடுத்தது சட்டம். தமிழ்நாட்டுப் பக்கம் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் நடப்பில் உள்ளது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த, மதிப்புள்ள எந்தப் பொருளும் அதன்படி புதையல். அந்தச் சட்டத்தில் எழுதியுள்ள வரம்பு வெறும் 10 ரூபாய். அதற்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால், என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்த நாள் என்று எழுதி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் ஓராண்டு வரை சிறை உண்டு, உங்கள் பங்கும் போய்விடும். தெரிவித்து, உரிமை கோர வேறு யாரும் வரவில்லை என்று ஆகிவிட்டால், வேறு உடன்பாடு இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்காரருக்கு ஒரு பங்கும் என்று அதே சட்டம் சொல்கிறது. அரசு தனக்கென்று எடுத்துக்கொள்ள விரும்பினால் அதற்கு விலை கொடுக்கும். ஆக, தெரிவிப்பதால் நட்டம் என்று நினைத்து ஒளிப்பது இரண்டு வகையிலும் தப்பான கணக்கு.

எல்லை தாண்டினால் கேரளத்துக்கு 1968-ஆம் ஆண்டில் வந்த தனிப் புதையல் சட்டம் இருக்கிறது. பாறசாலையில் எடுத்ததை மார்த்தாண்டத்துக்குக் கொண்டுவந்து, இங்கே கிடைத்தது என்று சொல்லும் வேலை வேண்டவே வேண்டாம். எந்த மண்ணில் எடுத்தீர்களோ அந்த மாவட்ட அதிகாரியிடம்தான் போக வேண்டும்.

டிடெக்டரே கொண்டுபோகக் கூடாத இடங்களும் உண்டு. தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. கோட்டை, பழைய அரண்மனை, சிதறால் போன்ற மலைக்கோயில், முதுமக்கள் தாழி கிடக்கும் மேடு, வனத்துறை நிலம் இவற்றின் பக்கமே போகாதீர்கள். கோயில் குளத்திலும் ஆற்றுத்துறையிலும் கிடக்கும் காசு யாரோ வேண்டிக்கொண்டு போட்டது. அதை எடுப்பதை நம் ஊரில் யாரும் பொறுக்க மாட்டார்கள், பொறுக்கவும் கூடாது.

2. பையில் இருக்க வேண்டியவை

டிடெக்டர் தவிர, கையளவு பின்பாயிண்டர் (குழிக்குள் உலோகம் கிடக்கும் புள்ளியைக் காட்டும் சிறு கருவி), ஹெட்போன், விளிம்பு கூராத கொத்துக்கரண்டி, மண்ணைக் கொட்ட ஒரு பழைய சாக்கு, சின்னச் சின்னக் காகித உறைகள், பென்சில், நோட்டு. வீட்டில் 0.01 கிராம் வரை காட்டும் தராசு, குறுக்களவு பார்க்க வெர்னியர், பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், ஒரு சிறு காந்தம். விலை கூடிய டிடெக்டர் வாங்கிவிட்டு தராசு வாங்காதவர்கள் நிறைய. ஆனால் அடையாளம் காண்பதில் பாதி வேலை தராசு செய்வது.

கருவியின் அலைவரிசையைப் பார்த்து வாங்குங்கள். தாழ்ந்த அலைவரிசை பெரிய செம்புக்காசை ஆழத்தில் பிடிக்கும். 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போனால் சின்ன வெள்ளி, பொன் காசுகளுக்கு நல்லது. நம் பகுதியில் கிடைப்பவற்றில் பல மிளகைவிடக் கொஞ்சம் பெரியவை, அவ்வளவுதான். அதனால் உயர்ந்த அலைவரிசையோ பல அலைவரிசையோ உள்ள கருவியே இங்கே பயன்படும்.

ரப்பர் தோட்டத்தில் காலணி இல்லாமல் இறங்காதீர்கள். சருகுக்குள் விரியன் கிடக்கும். ஹெட்போன் போட்டிருந்தால் அதன் சீறல் கேட்காது. ஒரு காதை மட்டும் மூடிக்கொள்ளுங்கள்.

3. இடம் தேடுவது: கருவிக்கு முன் காது

காசு தவறியது மனிதர் நின்ற இடத்தில், குனிந்த இடத்தில், மடியை அவிழ்த்த இடத்தில். அப்படிப்பட்ட இடங்களை வயதானவர்கள்தான் காட்ட முடியும். “பாட்டா, இந்த விளைக்குள்ள பழைய காலத்துல வழி எங்கூடி போச்சு?” என்று கேளுங்கள் (விளை என்றால் இந்தப் பக்கத்தில் மேட்டுத் தோட்டம்). காசு எங்கே கிடைக்கும் என்று கேட்டால் சந்தேகம் வரும். வழி எது, சந்தை எங்கே கூடியது, எந்த மரத்தடியில் வண்டி அவிழ்ப்பார்கள் என்று கேட்டால் உட்காரச் சொல்லி, சாயா கொடுத்துச் சொல்வார்கள்.

இந்தப் பக்கத்தில் நல்ல இடம் என்று நான் முதலில் பார்ப்பது சுமைதாங்கிக் கல். தலைச்சுமையோடு வந்தவர்கள் சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டிருப்பார்கள். கல் சாலையோரப் புறம்போக்கில் நிற்கும், அதைத் தொட வேண்டாம். அதை ஒட்டிய தனியார் விளையில், கல்லிலிருந்து நிழல் விழுந்திருக்கக் கூடிய பக்கம் பாருங்கள். பழைய வழியம்பலங்களுக்கு (வழிப்போக்கர் தங்கிய இடங்களுக்கு) எதிர்ப்பக்கத்துப் புரையிடங்களும் (வீட்டு மனைகளும்) அப்படித்தான். பழைய சந்தைகளில் தொடுவெட்டி மாதிரி பெரியவை இன்று கான்கிரீட்டுக்குள் போய்விட்டன. வாரம் ஒருநாள் கூடி நின்றுபோன சின்னச் சந்தைகள்தான் இன்று தென்னந்தோப்பாகவும் மரச்சீனி (மரவள்ளி) விளையாகவும் கிடக்கின்றன.

மரச்சீனி பிடுங்கிய கையோடு போவது ஒரு நல்ல வழக்கம். மண் புரண்டிருக்கும், பயிருக்கு நட்டம் இல்லை, உரிமையாளரும் முகம் சுளிக்க மாட்டார்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. குளம் தூர்வாரும்போது வண்டல் எடுத்து விளைகளில் அடிப்பது வழக்கம். நீங்கள் விளையில் எடுத்த காசு, இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குளத்திலிருந்து டிராக்டரில் வந்ததாக இருக்கலாம். உரிமையாளரிடம் கேட்டு நோட்டில் எழுதுங்கள்: “வண்டல் அடித்த நிலம்.” இது இல்லாமல் இங்கே பழைய ஊர் இருந்தது என்று முடிவு கட்டினால் தப்பாகப் போகும்.

4. செம்மண்ணுக்குக் கருவியைப் பழக்குவது

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு வருபவர்கள் இங்கேதான் முதலில் சோர்கிறார்கள். நம் செம்மண்ணிலும் வெட்டுக்கல் சரளிலும் இரும்பு ஆக்சைடு நிறைய. கருவி அதையே உலோகமாக எண்ணி ஓயாமல் முனகும்.

முதலில் உலோகம் இல்லாத ஒரு சாண் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கருவியின் கீழ்முனையில் உள்ள வட்டச் சுருளை முழங்கால் உயரத்திலிருந்து தரைக்குப் பக்கம் வரை மேலும் கீழும் ஏற்றி இறக்கி, முனகல் அடங்கும் வரை நிலச் சமன் செய்யுங்கள். பத்து இருபது அடி நகர்ந்ததும் மண் நிறம் மாறினால் மறுபடி செய்யுங்கள். விளையின் மேல்தட்டுக்கும் ஏலாவை (நெல்வயலை) ஒட்டிய கீழ்த்தட்டுக்கும் மண் ஒன்றல்ல.

அப்புறம் உணர்திறனைக் குறையுங்கள். முழுதாக ஏற்றினால் ஆழம் கூடும் என்ற எண்ணம் இந்த மண்ணில் பொய். சத்தத்துக்குள் காசின் ஒலி மூழ்கிவிடும். கருவி அமைதியாகும் வரை குறைத்து, அங்கே நிறுத்துங்கள். ஒரு சாண் ஆழத்தில் செம்புக்காசு பிடித்தாலே இங்கே நல்ல வேலை. சின்ன வெள்ளிச் சக்கரம் (திருவிதாங்கூர்க் குட்டிக் காசு) என்றால் நாலு விரல் ஆழம்தான்.

சுட்ட ஓட்டுத்துண்டும் செங்கல்லும் ஒலி கொடுக்கும். சூளையில் வேகும்போது களிமண்ணில் உள்ள இரும்பு காந்தத்தன்மை பெறுவதால் அப்படி. ஓட்டு வீடு இடிந்த புரையிடத்தில் இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு: மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் இல்மனைட் போன்ற கனிமங்கள் இருக்கின்றன, கறுப்பாகவே தெரியும். அதோடு உப்புநீரும் சேர்ந்தால் ஒற்றை அலைவரிசைக் கருவி கை விரித்துவிடும். அலை ஏறாத உலர்மணலில் மட்டும் தேடுங்கள், அல்லது பல அலைவரிசைக் கருவி வேண்டும். கனிம ஆலையின் எல்லைக்குள் போகக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

5. வீசுவதும் கேட்பதும்

சுருள் தரைக்கு இணையாக, இரண்டு விரல் உயரத்தில், மெதுவாகப் போக வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். வீச்சின் இரு முனையிலும் சுருளை மேலே தூக்கிவிடுவது புதியவர்கள் எல்லோருக்கும் வரும் பழக்கம். அந்த முனைகளில் இருப்பதெல்லாம் விட்டுப்போகும். கயிறு கட்டி, பத்தடிக்குப் பத்தடியாகக் கட்டம் பிரித்து முடியுங்கள். விளை முழுக்க ஓடியாடித் தேடுவதைவிட ஒரு கட்டத்தை முடிப்பது மேல். எங்கே இல்லை என்பதும் அதில் தெரிந்துவிடும்.

திரையில் வரும் எண்ணை வைத்து “கீழ் எண் எல்லாம் குப்பை” என்று வடிகட்டிவிடாதீர்கள். பெரிய செம்புக் காலணாவும் வெள்ளி ரூபாயும் உயர்ந்த எண் காட்டும், சரி. ஆனால் திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரமும் பொன் பணமும் அரைக் கிராம்கூட எடை வராதவை. அவை பீடிக்கட்டு, சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் காட்டும் எண்ணிலேயே வரும். ஈயத்தாளை வடிகட்டினால் சக்கரமும் கூடவே போகும். இரும்பை மட்டும் வடிகட்டுங்கள், மற்றதெல்லாம் தோண்டுங்கள். அலுப்பான வேலைதான், வேறு வழி இல்லை.

துருப்பிடித்த பெரிய இரும்பு சில சமயம் செம்பு மாதிரி உயர்ந்த ஒலி கொடுக்கும். சந்தேகம் வந்தால் நின்ற இடத்திலிருந்து கால்வட்டம் சுற்றி வந்து குறுக்காக வீசிப் பாருங்கள். படுத்துக் கிடக்கும் காசு வட்டமானது, எந்தப் பக்கம் வீசினாலும் ஒரே ஒலி. ஆணியும் கம்பியும் திசை மாறினால் குரல் மாறும். ரப்பர் தோட்டத்தில் இது ரொம்ப முக்கியம். பால் வடியும் தகரச் சில்லும், சிரட்டை கட்டிய கம்பியும் ஒவ்வொரு மரத்தடியிலும் விழுந்து கிடக்கும்.

6. தோண்டுவது

மழை பெய்து இரண்டு நாள் ஆன மண் சிறந்தது. ஈரத்தில் ஒலி தெளியும், மண் புட்டுப்போல உதிரும். குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஜூனிலிருந்து டிசம்பர் வரை நல்ல நாட்கள் அடிக்கடி வரும். மாசி, பங்குனியில் வெட்டுக்கல் மண் இறுகிவிடும். அப்போது பலத்தால் குத்தினால் காசின் முகத்தில்தான் விழும்.

ஒலியின் நடுவைப் பின்பாயிண்டரால் குறித்து, அதிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கரண்டியை இறக்குங்கள். மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கீல் போல விட்டு மண்ணைப் புரட்டுங்கள். புல்வேர் அறாது. எடுக்கும் மண் முழுதும் சாக்கில். குழியைப் பின்பாயிண்டரால் பாருங்கள், அதில் இல்லை என்றால் சாக்கு மண்ணைப் பாருங்கள். ஒலி தெரிந்ததும் கரண்டியை வைத்துவிட்டு விரலால் எடுங்கள்.

எடுத்ததும் கட்டைவிரலால் தேய்க்கத் தோன்றும். தேய்க்காதீர்கள். மண்ணில் உள்ள மணல்துகள் அரத்தாள் மாதிரி வேலை செய்யும். மண்ணோடு உறையில் போடுங்கள்.

குழியை மூடும் முன் மறுபடி ஒருமுறை சுருளை வீசுங்கள், அடியில் இன்னொன்று இருக்கலாம். அப்புறம் மண்ணைத் தள்ளி மிதித்துச் சமன் செய்யுங்கள். கிடைத்த ஆணி, தகரம் எல்லாவற்றையும் நீங்களே எடுத்துப் போங்கள். அடுத்த தடவை அனுமதி கிடைப்பது இதில்தான் இருக்கிறது.

7. குழியருகிலேயே எழுதுங்கள்

உறையின் மேல் பென்சிலால் ஒரு எண். நோட்டில் அதே எண்ணுக்கு நேராகத் தேதி, சர்வே எண், போன் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, ஆழம், மண் நிறம், கூட என்ன கிடந்தது: ஓடு, கரி, சங்கு வளையல் துண்டு, எதுவானாலும். காசு குழியில் கிடக்கும்போதே ஒரு படம், பக்கத்தில் அளவுகோல்.

வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று நாலு காசை ஒரே பையில் போட்டவர்களுக்கு எது எங்கே கிடைத்தது என்பது நிரந்தரமாகப் போயிற்று. இடம் தெரியாத சோழக் காசு, கடைக்காரர் டப்பாவில் கிடக்கும் சோழக் காசுக்குச் சமம்தான். இடம் தெரிந்ததோ, அந்த வழியாக யார் போனார்கள் என்பதற்குச் சாட்சி. ஆட்சியருக்கு எழுதும் கடிதத்துக்கும் இதே குறிப்புதான் வேண்டும்.

8. ஒரே குழியில் இரண்டு மூன்று என்றால் நிறுத்துங்கள்

ஒரே குழியில் ஒன்றுக்கு மேல் பழைய காசு, அல்லது காசோடு பானைத்துண்டு, செம்புக் குடத்தின் விளிம்பு. இப்படி வந்தால் அது பெரும்பாலும் தவறி விழுந்த காசு அல்ல, புதைத்து வைத்தது. அந்த நொடியில் தோண்டுவதை நிறுத்துங்கள். படம் எடுத்து, மண்ணை மூடி, உரிமையாளரை அழைத்துக் காட்டி, கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தாசில்தாருக்கும் ஆட்சியருக்கும் தெரிவியுங்கள். காசு எந்த வரிசையில் அடுக்கியிருந்தது, எந்தப் பானையில், எந்த மண்ணடுக்கில் என்பதை எல்லாம் படித்தவர்கள்தான் எடுக்க வேண்டும்.

கேரளத்தில் குன்னங்குளம் பக்கம் எய்யால் என்ற ஊரில் ரோமானியக் காசுகளும் முத்திரைக் காசுகளும் சேர்ந்தே கிடைத்தன. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன என்பதுதான் அந்தக் கண்டுபிடிப்பின் எடை. தனித்தனியாகப் பிரித்து விற்றிருந்தால் அது தெரிந்தே இருக்காது.

9. அடையாளம் காண்பது

படத்தை இணையத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது கடைசி வேலை. தேய்ந்த காசில் கண் நமக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். எடை, குறுக்களவு, காந்தம், சின்னம், எழுத்து, ஆண்டு என்ற வரிசையில் போங்கள்.

*காந்தமும் எடையும்.* காந்தத்தில் ஒட்டினால் பெரும்பாலும் 1988-க்குப் பின் வந்த துருப்பிடிக்காத எஃகுக் காசு, அல்லது 1947-ஆம் ஆண்டின் நிக்கல் ரூபாய். ஒட்டவில்லை என்றால் தராசு. 1835-க்குப் பிந்தைய வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அரை 5.83, கால் 2.92, இரண்டணா 1.46. பூமிக்குள் கிடந்தது கொஞ்சம் குறையும், கூடாது. எடை கூடினால் சந்தேகப்படுங்கள். செம்புக் காலணா 6.47 கிராம், 1906-இல் வெண்கலத்துக்கு மாறியபின் 4.86. நடுவில் பெரிய ஓட்டை போட்ட ஒரு பைசா 1943-இலிருந்து 1947 வரை மட்டும். ஆறு கிராமுக்கு மேல் உள்ள, முகமே தெரியாத செம்பு வட்டம் ஒன்று கையில் இருந்தால், எடையை வைத்தே அது காலணாவாக இருக்கலாம் என்று தொடங்கிவிடலாம்.

*தலை தெரிந்தால்.* ராணியின் தலையோடு 1862 முதல் 1876 வரை ‘விக்டோரியா ராணி’, 1877 முதல் ‘விக்டோரியா பேரரசி’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். ஆண்டு தேய்ந்தாலும் அந்த ஒரு சொல் தப்பித்திருந்தால் காலம் பாதி பிடிபட்டது. ஏழாம் எட்வர்டின் வெள்ளி, செம்பு, வெண்கலக் காசுகளில் தலையில் கிரீடம் கிடையாது, ஐந்தாம் ஜார்ஜுக்கு உண்டு.

*சங்கு தெரிந்தால்.* இங்கே அடிக்கடி வருவது இதுதான். 1956 நவம்பர் 1 வரை கல்குளமும் விளவங்கோடும் திருவனந்தபுரத்தோடு இருந்தவை, ஆகவே மண்ணுக்குள் கிடப்பதும் திருவிதாங்கூர்ப் பணம். கணக்கு இப்படி: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். சங்கோடு ஆர், வி என்ற ஆங்கில எழுத்துகள் பின்னிக் கிடந்தால் ராமவர்மா, அதாவது மூலம் திருநாள் மன்னர் காலம். பி, ஆர், வி என்று மூன்று இருந்தால் பாலராமவர்மா, சித்திரைத் திருநாள். பிந்தைய செம்புக் காசுகளில் மதிப்பு ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருக்கும். மலையாள எண்களையும் ஒரு சில எழுத்துகளையும் பழகிக்கொள்ளுங்கள், ஒரு சாயங்கால வேலைதான்.

சங்கு இருந்தாலே திருவிதாங்கூர் என்று எழுதிவிடாதீர்கள். கொச்சி அரசின் புத்தன் என்ற சின்ன வெள்ளிக் காசிலும் சங்கு உண்டு. ஒரு புறம் சங்கு, மறுபுறம் கோடுகளும் புள்ளிகளும் மட்டுமே உள்ள குட்டி வெள்ளி வந்தால் லென்ஸ் வைத்துப் படம் எடுத்து, இரண்டோடும் ஒப்பிட்ட பின்பே பெயர் வையுங்கள்.

*பெரிய ‘வி’ எழுத்து.* அதன் இரு கைகளிலும் ‘ஓ’, ‘சி’ கோத்திருந்தால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் செம்புக் காசு. 1663 முதல் 1795 வரை கொச்சி அவர்கள் கையில் இருந்தது. இந்த வகைக் காசில் ஆண்டு 1726-இலிருந்து வரும். மறுபக்கக் கேடயத்தில் எந்தப் படம் என்பதை வைத்து டச்சு நாட்டின் எந்த மாகாணம் அடித்தது என்று பிரிக்கலாம்.

*சிங்கங்கள் தாங்கும் கேடயமும் பாரசீக எழுத்தும்.* ஆங்கிலத்தில் 10 காசு, 20 காசு என்று ரோமன் எண்ணில் போட்டு, 1803 அல்லது 1808 என்று இருந்தால் சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் இயந்திரத்தில் அடித்தவை. விளிம்பு ஒழுங்காக இருக்கும்.

*யானை.* ஒரு பக்கம் யானை, மறுபக்கம் பாரசீகத்தில் நாணயச்சாலைப் பெயர் என்றால் திப்புவின் காசு. திண்டுக்கல்லுக்குக் ‘காலிகாபாத்’ என்றும் சத்தியமங்கலத்துக்குச் ‘சலாமாபாத்’ என்றும் அதில் பெயர். பிந்தைய காசுகளில் ஆண்டின் எண்களை வலமிருந்து இடமாக எழுதியிருப்பார்கள். நேராகப் படித்தால் கணக்கு எங்கோ போகும்.

*நிற்கும் ஆளும் உட்கார்ந்த ஆளும்.* தடித்த செம்பு, ஒரு புறம் குச்சி குச்சியான கைகாலோடு நிற்கும் மனிதர், மறுபுறம் உட்கார்ந்தவர், கைப்பக்கத்தில் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. இது சோழர் காசு. இதே அமைப்பை இலங்கை அரசர்களும் பின்னால் அடித்தார்கள். எழுத்தைப் படிக்காமல் படத்தை மட்டும் வைத்துச் சோழன் என்று முடிவு செய்ய முடியாது.

*ஆண்டு.* காசில் 1114 என்று கண்டால் ஆயிரம் வருடப் பழமை என்று குதிக்க வேண்டாம். அது கொல்லம் ஆண்டு, மலையாள நாட்டு ஆண்டுக் கணக்கு. ஆவணி பிறப்பிலிருந்து டிசம்பர் வரை 824 கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து 825. ஆக 1114 என்பது 1938-39. ஹிஜ்ரி ஆண்டு வேறு கணக்கு. அதிலும், சென்னையில் அடித்த ஆற்காட்டு ரூபாய்களில் 1172 என்ற ஹிஜ்ரி ஆண்டை மாற்றாமல் 19-ஆம் நூற்றாண்டு வரை போட்டுக்கொண்டே இருந்தார்கள். காசின் மேல் உள்ள ஆண்டு அடித்த ஆண்டாகவே இருக்கும் என்று நம்ப முடியாது.

*சாமி படம் போட்ட ‘கம்பெனி’ காசு.* ராமர் பட்டாபிஷேகம், அனுமார், 1818, ‘கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா’. வீட்டுக்கு வீடு ஒன்று இருக்கும். 1818-இல் கம்பெனி அப்படி ஒரு அரையணாவை வெளியிட்டதே இல்லை. இது பிற்காலத்தில் பூசைக்கும் விற்பனைக்கும் அடித்த வில்லை. நோட்டில் அப்படியே எழுதிவையுங்கள்.

இவ்வளவுக்கும் பிடிபடவில்லை என்றால் ‘தெரியவில்லை’ என்றே எழுதி, எடையும் அளவும் இரு பக்கப் படமும் சேர்த்துக் கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்திலோ எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவிலோ காட்டுங்கள்.

10. கழுவுவது, வேண்டுமென்றால் மட்டும்

வீட்டில் குத்துவிளக்குத் துலக்கும் பழக்கத்தில் எல்லோரும் புளியை எடுக்கிறார்கள். புளி, எலுமிச்சை, திருநீறு, பற்பசை, பித்தளை பாலிஷ் எதுவும் கூடாது. செம்பின் மேல் படிந்த கரும்பச்சைப் படலம் அழுக்கு இல்லை. பல நூறு ஆண்டில் எழுத்தின் மேடு அந்தப் படலமாகவே மாறியிருக்கும். அமிலம் பட்டால் படலமும் எழுத்தும் சேர்ந்தே கரையும். பளபளவென்று ரோஸ் நிறத்தில் ஒரு செம்பு வட்டம் மிஞ்சும், அது யார் அடித்த காசு என்று இனி யாரும் சொல்ல முடியாது.

மண்ணை எடுக்கத்தான் வேண்டும் என்றால், பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் ஊறப்போட்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து, லென்ஸைப் பார்த்துக்கொண்டே, மூங்கில் குச்சியைச் சீவி மண்கட்டியை மட்டும் தட்டி விடுங்கள். பச்சையைத் தொடாதீர்கள். வெள்ளியின் கறுப்பையும் அப்படியே விடுங்கள். ஆட்சியரிடம் ஒப்படைக்க வேண்டியதை ஊறக்கூடப் போட வேண்டாம், மண்ணோடு கொடுங்கள்.

கடற்கரையில் எடுத்த செம்பில் வெளிர்ப்பச்சைத் தூள் பூத்து, துடைத்தால் மறுநாள் மறுபடி பூத்தால், அது உப்பு உள்ளே இருந்து தின்னும் நோய். உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் உலர வையுங்கள். நம் கடலோரக் காற்றின் ஈரமே அதற்குத் தீனி.

11. வைப்பது

வளையும் பிளாஸ்டிக் பைகள் கொண்ட மலிவு ஆல்பம் வேண்டாம். பிவிசி நாளாவட்டத்தில் கசிந்து காசின் மேல் பச்சைப் பிசினாகப் படியும். அமிலமற்ற காகித உறை போதும், ஒரு உறைக்கு ஒரு காசு, மேலே நோட்டின் எண். விளிம்பைப் பிடித்தே எடுங்கள், விரல் வியர்வை செம்பில் தடம் விடும்.

12. விலை பேச வருகிறவர்கள்

நீங்கள் டிடெக்டர் வைத்திருப்பது தெரிந்தால் ஆள் தேடி வரும். அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலந்த காசு, கோடி ரூபாய் என்பார்கள். ரைஸ் புல்லிங் என்ற பெயரில் நடப்பது முழு மோசடி. எந்தக் காசும் அரிசியை இழுக்காது. சோதனைக் கட்டணம், விஞ்ஞானி வரும் செலவு என்று முன்பணம் கேட்பதுதான் அவர்கள் தொழில். அழைத்துப் போகும் இடத்துக்குத் தனியே போகாதீர்கள். காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

ரிசர்வ் வங்கி பெயரில் பழைய காசுக்கு இத்தனை லட்சம் என்று வரும் விளம்பரமும் அப்படியே. அந்த வேலையில் தனக்குச் சம்பந்தமில்லை, யாரையும் அதற்கு நியமிக்கவில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது.

100 ஆண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம், அதை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். வளைகுடாவில் இருக்கும் மச்சான் நல்ல விலைக்குக் கேட்கிறார் என்று ஊருக்கு வந்தவர் கையில் கொடுத்தனுப்பினால், விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது அந்தப் பாவப்பட்டவர்தான்.